வரவேற்புப் பலகையும் வடிவமைப்பு ஒப்பந்தமும்: வன்னிச் சபைகளில் எது எங்கே முடிவாகிறது?

ஏ9 வீதியால் யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே வருகிறவருக்குக் கிளிநொச்சி மாவட்டம் முகமாலையிலேயே தொடங்கிவிடும். ஆனால் அது இன்னும் குடாநாடுதான். வன்னி மண்ணுக்கு வர ஆனையிறவு தாண்ட வேண்டும். மறுபக்கம், மதவாச்சியிலிருந்து வருகிறவர் வவுனியா மாவட்டத்துக்குள் நுழைவது ஈரப்பெரியகுளத்தில். அது வவுனியா தெற்கு சிங்களப் பிரதேச சபையின் பகுதி. ஆகவே வவுனியா மாநகர சபை தன் பெயரில் ஒரு வரவேற்பு வளைவு கட்ட விரும்பினாலும் மாவட்டத்தின் வாசலில் அதைக் கட்ட முடியாது. பல கிலோமீற்றர் உள்ளே வந்து, தன் எல்லை தொடங்கும் இடத்தில்தான் கட்டலாம். வரவேற்புப் பலகை என்றால் ஒரு தகடும் இரண்டு குழாயும் என்று நினைப்பவர்களுக்கு முதல் சிக்கல் இங்கேயே வந்துவிடுகிறது. எந்த வாசல், யாருடைய வாசல்?

அடுத்தது பெயர். கிளிநொச்சி நகரத்துக்கென்று நகர சபை கிடையாது. நகரம் கரைச்சிப் பிரதேச சபைக்குள் வருகிறது. கண்டாவளைக்குத் தனிப் பிரதேச செயலகம் உண்டு, சபை என்றால் அவர்களுக்கும் கரைச்சிதான். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஆறு பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு நான்கே பிரதேச சபைகள். ஒட்டுசுட்டானுக்குச் செயலகம் இருக்கிறது, சபை இல்லை. கொழும்பிலிருந்து வருகிறவருக்குக் கரைச்சி என்றால் எதுவென்று விளங்காது, கிளிநொச்சி என்றால் உடனே விளங்கும். சபை உறுப்பினருக்கோ தங்கள் சபையின் பெயர் பெரிய எழுத்தில் நிற்க வேண்டும். இது போதாதென்று ‘வன்னி’ என்ற பெயரே இரண்டு கணக்கில் ஓடுகிறது. தேர்தல் மாவட்டமாக வன்னி என்றால் மன்னாரும் வவுனியாவும் முல்லைத்தீவும். கிளிநொச்சி வாக்களிப்பது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில். ‘வந்தாரை வாழவைக்கும் வன்னி’ என்று கிளிநொச்சியில் எழுதினால் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை, ஆனால் தேர்தல் வரைபடத்தில் அது வன்னி இல்லை.

உலகத்திலேயே அதிகம் படம் பிடிக்கப்படுகிற வரவேற்புப் பலகைகளில் ஒன்றுக்கும் இந்த எல்லைக் குழப்பம் உண்டு. அமெரிக்காவின் லாஸ் வேகஸ் பலகையை 1959இல் பெற்றி வில்லிஸ் என்ற பெண் வடிவமைத்தார். அது லாஸ் வேகஸ் நகர எல்லைக்குள் நிற்கவில்லை. நகரத்துக்குத் தெற்கே, கிளார்க் கவுண்டியின் நேரடி நிர்வாகத்தில் உள்ள பரடைஸ் என்ற பகுதியில் நிற்கிறது. அவர் அந்த வடிவத்துக்குக் காப்புரிமையும் எடுக்கவில்லை. அதனால் கோப்பை, தொப்பி, சாவிக்கொத்து என்று யாரும் அதை அச்சடித்து விற்கலாம். ஒரு பலகையின் வடிவம் யாருக்குச் சொந்தம் என்பது சபைக் கோப்பில் ஒரு வரியாக இருக்க வேண்டிய விடயம். அந்த வரியைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

நம் சபைகளில் பலகை எப்படிப் பிறக்கிறது? ஓர் உறுப்பினர் பிரேரணை கொடுக்கிறார், இன்னொருவர் வழிமொழிகிறார், மாதாந்தப் பொது அமர்வில் விவாதம் நடக்கிறது. 2018 பெப்ரவரித் தேர்தலிலிருந்து இந்த விவாதத்தின் நிறம் மாறிவிட்டது. அதற்கு முன் விகிதாசார முறையில் வந்த உறுப்பினருக்குத் தனியாக வட்டாரம் இல்லை, முழுச் சபைப் பகுதிக்கும் அவர் உறுப்பினர். கலப்பு முறை வந்த பிறகு அறுபது வீதமானோர் வட்டாரத்திலிருந்து வருகிறார்கள். அதனால் ‘பலகை எங்கட வட்டாரத்திலதான் நிக்கவேணும்’ என்ற பேச்சுக்கு இப்போது ஒரு தேர்தல் கணக்கும் பின்னால் இருக்கிறது. எல்லையில் இருக்கிற வட்டாரத்துக்கு வாசல் இயல்பாகக் கிடைக்கும். நடுவில் இருக்கிறவர் சந்தியில் ஒன்று கேட்பார். ஒரு பலகைக்கென்று எடுத்த தீர்மானம் இப்படித்தான் நான்கு பலகையாகிறது.

தீர்மானம் நிறைவேறினாலும் நிலம் சபையுடையதா என்பது வேறு கேள்வி. ஏ, பி தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. மிச்சமுள்ள உள்வீதிகள்தான் பிரதேச சபையின் கையில். நல்வரவுப் பலகையை எவரும் உள்வீதியில் நட விரும்புவதில்லை. ஏ9இலும், மாங்குளம்–முல்லைத்தீவு ஏ34இலும், பரந்தன்–முல்லைத்தீவு ஏ35இலும், பூநகரி ஊடாகப் போகிற ஏ32இலும்தான் நடக் கேட்பார்கள். அங்கெல்லாம் வீதியின் ஒதுக்கு நிலத்துக்குள் ஒரு குழி வெட்டுவதற்கே அதிகார சபையின் அனுமதி தேவை. 2008ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க தேசிய பெருந்தெருக்கள் சட்டம் அந்த அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுக்கிறது. வீதியை அகலமாக்க வரும்போது பலகையை யார் பிடுங்குவது, யார் செலவில் திரும்ப நடுவது என்பதையும் முதலிலேயே எழுத்தில் எடுத்துக்கொள்ளாவிட்டால் பிறகு கடிதம் எழுதிக்கொண்டேயிருக்க வேண்டியதுதான். ஒதுக்கு நிலத்தைத் தாண்டிப் பின்னால் போனால் சில இடங்களில் வனத் திணைக்களத்தின் எல்லைக் கல் எதிர்ப்படும். வன்னிக்கே உரிய தலையிடி அது.

மொழி விடயத்தில் சட்டம் தெளிவு. அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் அரசகரும மொழிகளாக்குகிறது; 22ஆம் உறுப்புரையின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழ். வடக்கின் சபைகள் தமிழை மேலே போட்டு, சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கீழே போடுவதற்கு நியாயம் இங்கேயிருந்து வருகிறது. மத்திய அரசின் திணைக்களங்கள் இங்கே நடுகிற பலகைகளில் வரிசை மாறியிருப்பதும், தமிழ் பிழையோடு நிற்பதும் பலரும் கண்டு சலித்த காட்சி. 1991இல் உருவான அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு யாரும் முறைப்பாடு செய்யலாம். அதே நேரம், நம் சபைகள் சிங்களத்தில் என்ன எழுதுகின்றன என்பதையும் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுப்பது நல்லது. ஒரு பக்கத்தின் எழுத்துப்பிழையை மட்டும் படம் பிடித்துப் போடுவது எனக்கு உவப்பில்லை.

வளைவு என்றால் விடயம் இன்னும் சூடு. பலகையில் எழுத்து மட்டும். வளைவில் உருவம் ஏறிவிடும். நந்தியா, சிலுவையா, யானையா, பண்டார வன்னியனா? 2019 மார்ச்சில், மகா சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்குப் போகும் வீதி முகப்பில் வளைவு தொடர்பாக நடந்த மோதலை மன்னாரில் யாரும் மறக்கவில்லை. நூற்றாண்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்த சைவ, கத்தோலிக்க சமயத்தவரை ஒரு வீதி முகப்பு எதிரெதிரே நிறுத்தியது. விடயம் நீதிமன்றம் வரை போனது. பொது வீதியின் முகப்பில் எதை அனுமதிப்பது என்ற கேள்வி உள்ளூராட்சி சபையின் மேசைக்கு வரும்போது, அதை ஒரு வழக்கமான கட்டட விண்ணப்பம் போலக் கையாண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் உண்டு. பலகைக்காகச் சபையில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள் என்று பட்டணத்துப் பத்தி எழுத்தாளர்கள் கிண்டல் செய்வதுண்டு. வன்னியில் அந்தக் கிண்டல் செல்லாது. ஊர்ப்பெயர்கள் மாறியதையும் மாற்றப்பட்டதையும் கண்ட மண் இது. கரைதுறைப்பற்றுக்கும் புதுக்குடியிருப்புக்கும் 2011இல் மற்றச் சபைகளோடு தேர்தல் நடத்த முடியாமல், 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மீள்குடியேறி, கண்ணிவெடி அகற்றி, தாங்களே தெரிவுசெய்த ஒரு சபை வந்த பிறகு, அந்தச் சபையின் பெயரை ஒரு தகட்டில் பார்க்க ஆசைப்படுவதில் என்ன அற்பம்? நான் சொல்ல வருவது வேறு. பலகையில் காட்டுகிற உன்னிப்பு, அதே நிகழ்ச்சி நிரலில் சில உருப்படிகள் தள்ளி வருகிற தொழில்சார் சேவை ஒப்பந்தத்தில் காணாமல் போய்விடுகிறது. பணமும் நீண்டகால விளைவும் அங்கேதான் இருக்கின்றன.

இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பலகையிலேயே காட்டலாம். நான்கு மீற்றர் அகலம், இரண்டரை மீற்றர் உயரம் என்று ஒரு பலகை வைத்துக்கொள்வோம். பத்துச் சதுர மீற்றர். மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் காற்று நேரே அடித்தால் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறத்தாழ 470 நியூட்டன் அழுத்தம் விழும். மொத்தமாகப் பார்த்தால் கிட்டத்தட்ட அரைத் தொன் எடை பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம். தட்டையான பலகையின் வடிவத்துக்காக இதை இன்னும் கொஞ்சம் கூட்டித்தான் கணக்குப் போடுவார்கள். இந்தத் தள்ளு நிலத்தில் விழுவதில்லை, மூன்று நான்கு மீற்றர் உயரத்தில் விழுகிறது. அடியில் இருக்கும் கொங்கிரீட் கட்டியைப் புரட்டப் பார்க்கிற நெம்பு அது. பூநகரி வெளியிலும் கிளிநொச்சி வயல்வெளியிலும் சோளகம் எப்படி அடிக்கும் என்று ஊரவர்களுக்குத் தெரியும். கார்த்திகை, மார்கழியில் தாழமுக்கம் வந்தால் மண்ணும் ஊறிப் பிடி தளர்ந்திருக்கும். அடித்தளம் எவ்வளவு ஆழம், குழாய் எத்தனை அங்குலம், தடிப்பு எவ்வளவு என்பதைக் கணக்குப் பார்த்து ஒருவர் கையொப்பமிட வேண்டும். அந்தக் கையொப்பத்துக்குப் பெயர்தான் தொழில்சார் சேவை.

எழுத்துக்கும் இதே கதை. மணிக்கு அறுபது கிலோமீற்றரில் வருகிற சாரதி ஐந்து செக்கனில் எண்பது மீற்றரைக் கடந்துவிடுவார். அந்தத் தூரத்திலிருந்து வாசிக்க எழுத்து இருபது சென்ரிமீற்றர் அளவுக்காவது உயரம் வேண்டும். மேலே விசிறியும் கீழே சுழியும் உள்ள தமிழ் எழுத்துக்கு வரிகளுக்கு இடையில் இன்னும் இடம் விட வேண்டும். மூன்று மொழி, சபையின் இலச்சினை, தவிசாளரின் பெயர், நிதி எங்கிருந்து வந்தது, யார் திறந்துவைத்தார், எந்தத் திகதியில் என்று அடுக்கினால் ஊர்ப்பெயருக்கு மிஞ்சுவது ஒரு முழம். பிரதிபலிக்கும் தாளில் வெட்டிய எழுத்தா, பிளெக்ஸா என்பதிலும் நிறைய இருக்கிறது. வன்னி வெயிலில் பிளெக்ஸில் முதலில் வெளுப்பது சிவப்பு. பிறகு ஓரம் கிழிந்து காற்றுக்குப் படபடக்கும். கீழ்ப்பகுதியில் மாடுகள் முதுகு தேய்க்கும். மலிவு என்று பிளெக்ஸ் போட்ட சபை மூன்றாம் வருடம் மறுபடி மதிப்பீடு போட வேண்டிவரும், அந்த இரண்டாவது செலவை முதலாவது தீர்மானத்தில் யாரும் எழுதுவதில்லை.

சிலவேளை ஒரு வங்கியோ தொலைபேசி நிறுவனமோ இலவசமாகப் பலகை தர முன்வரும். சபைக்குச் செலவில்லை என்று கை தட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது, பலகையில் ஊர் எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்பதை. விளம்பரப் பலகைக்கு உபவிதியின்படி கட்டணம் அறவிடுகிற சபை, நல்வரவு என்று ஒரு சொல் மேலே இருப்பதால் அந்தக் கட்டணத்தைக் கைவிடுகிறதா? எத்தனை வருடத்துக்கு? கேட்டு எழுதிவைத்தால் பிரச்சினையில்லை.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். வன்னிப் பிரதேச சபை ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருப்பார், மதிப்பீடு போடுவார், வீதி வேலையை மேற்பார்வை செய்வார். கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியியலாளர், அளவையியலாளர் என்று ஆளணி வைத்திருக்கும் வசதி பெரும்பாலும் இல்லை. சொந்த வருமானம் சந்தைக் குத்தகை, கடை வாடகை, சோலைவரி, வியாபார உரிமக் கட்டணம் என்ற அளவில் நிற்கிறது. முத்திரைக் கட்டணமும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் வழியாக வந்து சேர வேண்டும். ஆகவே சந்தைக் கட்டடத்துக்கு வரைபடம், கலாசார மண்டபத்துக்கு மண் பரிசோதனை, மயான எல்லைக்கு நில அளவை, வழக்குகளுக்குச் சட்ட ஆலோசகர், வடிகாலுக்கு நீரோட்டக் கணக்கு என்று எல்லாவற்றையும் வெளியிலிருந்து கூலிக்கு எடுக்க வேண்டும். சில வேலைகளைத் திணைக்களப் பொறியியலாளர்கள் நல்லெண்ணத்தில் செய்து கொடுப்பார்கள். அந்த நல்லெண்ணம் அவர்களின் இடமாற்றக் கடிதம் வரும்வரைதான்.

போருக்குப் பிறகு இந்தத் தேவை திடீரென்று பெருத்தது. உலக வங்கியின் நிதியில் வடக்கு, கிழக்கு உள்ளூராட்சி சபைகளுக்காக வந்த நெல்சிப் திட்டமும், அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து நிதியிட்ட உள்ளூர் அபிவிருத்தி உதவித் திட்டமும் சபைகளுக்குக் கட்டடங்களையும் வீதிகளையும் கொண்டுவந்தன. நெல்சிப்பில் ஊரவர்களைக் கொண்ட சமூகக் கணக்காய்வுக் குழுக்களும் அமைக்கப்பட்டன. கல் எத்தனை, கம்பி எத்தனை என்று ஊரவர் எண்ணிப் பார்க்க அது வழி செய்தது. ஆனால் கட்டுமான வேலை தொடங்கிய பிறகுதான் எண்ண முடியும். வடிவமைப்பு என்பது அதற்கு முன்பே, ஓர் அலுவலக மேசையில் முடிந்துவிடுகிற காரியம்.

இங்கே ஒரு விதி வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கட்டுமான வேலைக்கும் பொருளுக்கும் கேள்வி (ரெண்டர்) கோரினால், தகுதியானவர்களில் குறைந்த விலைக்காரருக்கு வேலை போகும். எவருக்கும் விளங்குகிற முறை. வடிவமைப்பு போன்ற தொழில்சார் வேலைகள் அடங்கும் மதியுரைச் சேவைக்கு அப்படியில்லை. 2006இல் பொருள், வேலைகளுக்கான பெறுகை (அரச கொள்வனவு) வழிகாட்டி வந்தபோது, மதியுரையாளர்களைத் தெரிவதற்குத் தனியாக 2007இல் இன்னொரு வழிகாட்டி வந்தது. இப்போது தேசிய பெறுகை ஆணைக்குழுவின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டிகள் 2025 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. அடிப்படை மாறவில்லை: நிறுவனம் இரண்டு உறை தருகிறது. ஒன்றில் தொழில்நுட்ப முன்மொழிவு, மற்றதில் விலை. முதல் உறையைத் திறந்து புள்ளி போட்டு முடியும்வரை விலை உறை முத்திரையோடு இருக்க வேண்டும். பிறகு இரண்டு புள்ளியையும் ஒரு விகிதத்தில் சேர்த்து, கூடிய புள்ளி எடுத்தவரைத் தெரிவார்கள்.

அந்த விகிதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கற்பனையாக இரண்டு நிறுவனங்களை எடுப்போம். முதல் நிறுவனத்துக்குத் தொழில்நுட்பப் புள்ளி 85, விலை 12 இலட்சம். இரண்டாவதுக்குப் புள்ளி 78, விலை 9 இலட்சம். குறைந்த விலைக்காரருக்கு விலைப்புள்ளி 100. மற்றவருக்கு 9ஐ 12ஆல் வகுத்து 75. தொழில்நுட்பத்துக்கும் விலைக்கும் விகிதம் 80க்கு 20 என்றால் முதல் நிறுவனத்தின் மொத்தம் 68ம் 15ம் சேர்ந்து 83. இரண்டாவதன் மொத்தம் 62.4ம் 20ம் சேர்ந்து 82.4. முதலாமவர் வென்றார். இப்போது விகிதத்தை 70க்கு 30 ஆக்குங்கள். முதலாமவருக்கு 59.5ம் 22.5ம் சேர்ந்து 82, இரண்டாமவருக்கு 54.6ம் 30ம் சேர்ந்து 84.6. வேலை இரண்டாமவருக்குப் போய்விட்டது. நிறுவனங்களும் அவையே, விலையும் அவையே, புள்ளியும் அவையே. மாறியது, முன்மொழிவு கேட்டுச் சபை வெளியிடும் கோரல் ஆவணத்தில் இருக்கும் ஒரே ஒரு வரி.

அந்த வரி எப்போது எழுதப்படுகிறது? ஒரு நிறுவனமும் விண்ணப்பிக்க முன்னரே. யார் எழுதுகிறார்கள்? பெறுகைக் குழுவும் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவும், அதாவது பெரும்பாலும் உத்தியோகத்தர்கள். சபையின் அமர்வுக்கு வருகிறபோது தெரிவு முடிந்திருக்கும். உறுப்பினர்கள் முன்னால் இருப்பது நிறுவனத்தின் பெயரும் தொகையும். ‘ஏன் 9 இலட்சத்துக்குச் செய்கிறவரை விட்டுவிட்டு 12 இலட்சக்காரருக்குக் கொடுத்தீர்கள்?’ என்று ஒருவர் கேட்பார், ‘வழிகாட்டியின்படி’ என்று பதில் வரும், அத்தோடு உருப்படி முடிந்தது. கேட்டதும் தவறில்லை, பதிலும் தவறில்லை. ஆனால் கேட்க வேண்டிய நேரம் இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே கடந்துவிட்டது. உத்தியோகத்தர்களின் வேலையில் உறுப்பினர் தலையிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விலை உறையைத் திறக்கும் இடத்தில் அரசியல்வாதி இல்லாதது நல்லதே. ஆனால் வேலை என்ன, எதற்கு, எந்த எல்லைக்குள் என்று சொல்லும் பணி நியதிகளை உறுப்பினர்கள் வாசித்துக் கருத்துச் சொல்வதை எந்த வழிகாட்டியும் தடுக்கவில்லை.

பணி நியதிகளில் எதைப் பார்ப்பது? முதலில், கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது. முழுவேலைக்கும் ஒரே தொகையா, ஆள்நாள் கணக்கா, கட்டுமானச் செலவில் இத்தனை வீதமா? வீதக் கணக்கென்றால், கட்டடத்தின் விலை ஏற ஏற வடிவமைப்பாளரின் கூலியும் ஏறும். சிக்கனமாக வரைந்தவருக்குத் தண்டனை. பிறகு, மேற்பார்வை உள்ளடங்குகிறதா இல்லையா என்பது. வரைந்து கொடுத்துவிட்டுப் போனவரைக் கட்டடத்தில் வெடிப்பு வந்த பிறகு தேடிக்கொண்டிருப்பது நம் பக்கத்தில் புதிதில்லை. மண் பரிசோதனை யாருடைய செலவு? களிமண் உப்பி வற்றுகிற இடங்களில் அதைத் தவிர்த்துவிட்டு வரைந்தால் சுவர் தானே பேசும். வரைபடங்களின் கணினிக் கோப்பு சபைக்குக் கொடுக்கப்படுமா, அடுத்த வருடம் ஒரு மாடி கூட்ட நினைத்தால் அதே வரைபடத்தைச் சபை பயன்படுத்தலாமா என்பதும் முக்கியம். லாஸ் வேகஸ் பலகைக்குச் சொல்லாமலே நடந்ததை இங்கே சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். பி.ஓ.கியூ எனப்படும் வேலை அளவுப் பட்டியலைத் தயாரிப்பவரும் அதை வைத்துக் கேள்வி போடுகிற ஒப்பந்தக்காரரும் வேறு வேறு ஆட்களா என்று பார்ப்பதும் சபையின் வேலை. சபையோடு செய்த ஒப்பந்தத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ பயன் உள்ளவர் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்கிறது உள்ளூராட்சித் தேர்தல் சட்டம்.

அமெரிக்காவில் இதே கேள்விக்கு வேறு பதில் வைத்திருக்கிறார்கள். 1972இல் வந்த புரூக்ஸ் சட்டத்தின்படி, அங்கே மத்திய அரசு கட்டடக் கலைஞரையும் பொறியியலாளரையும் தெரிகிறபோது விலையைக் கேட்பதேயில்லை. முதலில் தகுதியை மட்டும் பார்த்து வரிசைப்படுத்துவார்கள். முதலிடத்தில் இருப்பவரோடு விலை பேசுவார்கள். ஒத்துவராவிட்டால் அவரை விட்டு இரண்டாமவரிடம் போவார்கள். புளோரிடா போன்ற பல மாநிலங்கள் இதே பாணியில் தங்கள் நகர சபைகளுக்கும் சட்டம் வைத்திருக்கின்றன. வடிவமைப்பில் மிச்சம் பிடித்த பத்து ரூபாய் கட்டுமானத்தில் நூறு ரூபாயாகப் போகும் என்பது அவர்கள் நியாயம். நம் நிலைமைக்கு அதை அப்படியே தூக்கி வைக்க நான் ஆதரவில்லை. தகுதியான நிறுவனங்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் குவிந்திருக்க, துணுக்காய்க்கும் மாந்தை கிழக்குக்கும் விண்ணப்பிப்பவர் இரண்டோ மூன்றோ என்றால், விலை கேட்காமல் தெரிவது ஒருவரிடம் சிக்கிக்கொள்வதாக முடியலாம். தூரம் ஒரு செலவு. பொறியியலாளர் ஒருதடவை வந்து போக ஒரு நாள் போய்விடும். இதைச் சமாளிக்க இரண்டு மூன்று அயற்சபைகள் சேர்ந்து ஒரே மதியுரையாளரை ஓராண்டுக்கு எடுக்கலாம் என்பது என் எண்ணம். நான்கு சிறு ஒப்பந்தங்களுக்கு வராத நிறுவனம், சேர்த்த ஒன்றுக்கு வரும்.

முன்கூட்டியே யோசிக்காத கட்டடத்துக்கு என்ன நேரும் என்பதை வவுனியா மறந்திருக்காது. 2016இல் பொருளாதார மத்திய நிலையம் ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்று மாகாணத்துக்கும் மத்திக்கும் இடையில் பெரிய இழுபறி. கடைசியில் வேறோர் இடத்தில் கட்டப்பட்டது; கட்டி முடிந்த பின்பும் பல வருடம் திறக்கப்படாமல் கிடந்தது. அது உள்ளூராட்சி சபையின் தீர்மானமில்லை, மத்திய அரசின் திட்டம். ஆனாலும் பாடம் சபைகளுக்கும் பொருந்தும்: இடத்தின் பெயருக்காக எல்லோரும் சண்டை பிடித்தார்கள், அங்கே வியாபாரி ஏன் வருவான் என்ற கணக்கு அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை.

இப்போது இதைப் பேசுவதற்கு ஒரு காலக் காரணமும் இருக்கிறது. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான் நடந்தது. வவுனியா மாநகர சபைக்கு அதுவே முதல் தேர்தல். நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்களும் ஆணையாளர்களும் சபைகளை நடத்தினார்கள். அந்த இடைக்காலத்தில் செய்த ஒப்பந்தங்களில் சில இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், சில வரைபடங்களாக அலுமாரியில் இருக்கும். புதிய உறுப்பினர்கள் புதிதாக ஒரு வரைபடத்துக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன் அந்த அலுமாரியைத் திறந்து பார்ப்பது நல்லது. காசு கொடுத்து வாங்கிய வரைபடம் இருக்க, அதே கட்டடத்துக்கு இன்னொரு வரைபடம் வாங்கினால் கணக்காய்வாளர் நாயகத்தின் ஐயவினா வரும். பதில் எழுதுவது செயலாளராக இருந்தாலும் பெயர் கெடுவது சபைக்கு.

உறுப்பினரல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைக்கும் மாநகர சபைக்கும் பொருந்தும். சபையின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுத்தால், 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பிறகு தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். ‘மண்டபக் கட்டடம் பற்றிய எல்லா விபரமும் தருக’ என்று கேட்டால் சுற்றிவிடுவார்கள். கேட்க வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: பணி நியதிகள், கோரல் ஆவணத்தில் இருந்த புள்ளி விகிதம், மதிப்பீட்டுக் குழுவின் இறுதிப் புள்ளி அட்டவணை, கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் கட்டணப் பக்கம். பலகை பற்றியென்றால் வீதி அதிகார சபையின் அனுமதிக் கடிதமும் அடித்தள வரைபடமும். வரைபடம் இல்லை என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.